கொல்லுலையும் குன்றா உறுதியும்

தொலைதூர மிதிவண்டிப் போட்டியில் மலையேற்றமே வீரரின் ஆற்றலை முழுமையாக அளந்துகாட்டும். 1913ஆம் ஆண்டு நடைபெற்ற 'டூர் டி பிரான்ஸ்' போட்டியின் ஆறாம் கட்டம், பயோன் நகரிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீட்டர் நீண்டது. பிரனீஸ் மலைத்தொடரின் கணவாய்கள் பல அவ்வழியில் குறுக்கிட்டன. ஓட்டும்போதே கியர் மாற்றும் கருவிக்கு அப்போட்டியில் 1937 வரை இடமில்லை. ஆதலால், செங்குத்தான ஏற்றங்களைக் கால்களின் வலிமையாலேயே வெல்ல வேண்டியிருந்தது.

பிரெஞ்சு வீரர் யூஜின் கிறிஸ்தோஃப், 2,115 மீட்டர் உயரமுள்ள தூர்மலே கணவாயில் ஏறி, மறுபுறம் இறங்கிக்கொண்டிருந்தார். அப்போது முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் முறிந்தது. பழுதைப் பிறர் உதவியின்றி வீரரே நீக்க வேண்டும் என்பது விதி. அவர் மிதிவண்டியைச் சுமந்துகொண்டு பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நடந்தார். சாந்த் மரி த காம்பான் என்னும் சிற்றூரின் கொல்லன் பட்டறையை அடைந்தார். நடுவர்கள் பார்த்திருக்க, இரும்பைத் தாமே காய்ச்சி அடித்து ஒட்டவைத்தார். சிறுவன் ஒருவன் துருத்தி ஊதி உதவியதற்காக அவருக்கு நேரத் தண்டனை விதிக்கப்பட்டது.

வெற்றி வாய்ப்பு நழுவிய பின்னரும் அவர் விலகவில்லை. எஞ்சிய மலைகளையும் ஏறிக் கடந்தார். பாரிஸ் வரை சென்று ஏழாம் இடம் பெற்றார். 1919இல் இப்போட்டியின் முதல் மஞ்சள் சட்டையை அணிந்தவரும் அவரே. எனினும், சாம்பியன் பட்டம் அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை. அச்சிற்றூரில் பதிக்கப்பட்ட நினைவுப் பலகை, பட்டம் பெறாத அவ்வீரரின் உழைப்பை வழிப்போக்கர்க்கு எடுத்துரைக்கிறது.