வயிற்று வலியோடு அலைகிறவர்களுக்கு ஒரு மூத்த நோயாளி சொல்வது

எங்கள் தெருவில் யாருக்காவது நாள்பட்ட வயிற்று வலி இருந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்லை" என்று அனுப்பிவிட்டால், பெரும்பாலும் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுகிறார்கள். நான் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓபி வரிசைகளில் நெடுங்காலம் உட்கார்ந்திருந்தவள். வலிக்கிறது, காரணம் தெரியவில்லை, சொன்னால் நம்புவதற்கு ஆளில்லை என்று புதிதாக வந்து நிற்கும் தம்பி தங்கைகளிடம் என்ன சொல்கிறேனோ, அதையே இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் அவசரம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். காரணமில்லாமல் எடை இறங்குவது, மலத்தில் ரத்தம், கறுத்த மலம், மாலையானால் காய்ச்சல், கண் மஞ்சளாவது, விடாத வாந்தி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, ரத்தசோகை, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய வலி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். வயிறு கல்லாக இறுகி, காற்றும் மலமும் போகாமல் வாந்தி வந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம், 108-க்குப் போன் செய்யுங்கள்.

2. ரிப்போர்ட்டில் "நார்மல்" என்று வந்தால், அந்தப் பரிசோதனை எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று கேளுங்கள். வயிற்று ஸ்கேனில் பித்தப்பைக் கல், சிறுநீரகக் கல், கட்டி, நீர்க்கோப்பு ஆகியவை தெரியும். குடல் எப்படி அசைகிறது, நரம்பு எங்கே சிக்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. வாய் வழியாகச் செய்யும் எண்டோஸ்கோபி உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் வரைக்கும்தான் போகும். கொலனோஸ்கோபி பெருங்குடலையும் சிறுகுடலின் கடைசி நுனியையும் காட்டும். நடுவில் பல மீட்டர் சிறுகுடல் யார் கண்ணிலும் படாமல் கிடக்கிறது. ஆகவே நார்மல் என்ற தாள் சில நோய்கள் உங்களுக்கு இல்லை என்று சொல்கிறது. அது நல்ல செய்திதான், சந்தோஷப்படுங்கள். ஆனால் வலியைப் பற்றி அந்தத் தாளுக்கு எதுவும் தெரியாது. வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வலிக்குத் தந்த புதிய விளக்கத்தோடு ஒரு குறிப்பையும் சேர்த்தது: ஒருவர் எனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். வீட்டில் யாராவது "எல்லாந்தான் பாத்தாச்சே" என்று சலித்துக்கொள்ளும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

3. ஒரு நோட்டுப் போடுங்கள். இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் பாதிப் பேர்தான் செய்கிறார்கள், செய்தவர்களுக்குத்தான் சீக்கிரம் வழி திறக்கிறது. தினமும் நாலு வரி போதும். வலி எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் இருந்தது. சாப்பிட்டதற்கு முன்னா பின்னா, என்ன சாப்பிட்டோம். மலம் கழித்ததும் குறைந்ததா, கூடியதா. பெண்களாக இருந்தால் மாதவிலக்கின் எத்தனையாவது நாள். என்ன மாத்திரை போட்டோம், கேட்டதா என்பதையும் எழுதுங்கள்.

வலி எங்கே என்பதை உள்ளங்கையால் தடவிக் காட்டுகிறீர்களா, ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா என்று கவனியுங்கள். அது பெரிய வித்தியாசம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். எப்படி வலிக்கிறது என்பதற்கு நம் வீட்டுப் பேச்சிலேயே சொற்கள் இருக்கின்றன. எரிகிறது, பிசைகிறது, முறுக்குகிறது, குத்துகிறது, சுண்டி இழுக்கிறது, கனமாக இருக்கிறது, முதுகுக்குப் பாய்கிறது. இவை ஒவ்வொன்றும் வேறு இடத்தைக் காட்டும். முறுக்கி முறுக்கி விடுவது குழாய் போன்ற உறுப்பு அடைபடும்போது வரும் வலி. மேல்வயிற்றில் வந்து முதுகுக்குப் பாய்ந்து, குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை என்றால் டாக்டரின் மனது கணையத்துக்குப் போகும். "ஒரே வலி டாக்டர்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால் அவருக்குப் பிடி எதுவும் கிடைக்காது.

4. நோட்டை அப்படியே டாக்டர் கையில் கொடுக்காதீர்கள். படிக்க அவருக்கு நேரமில்லை. ஒரே பக்கத்தில் சுருக்கி எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, வாரத்தில் எத்தனை நாள், எது கூட்டும், எது குறைக்கும், இதுவரை செய்த பரிசோதனைகள் தேதியோடு, சாப்பிட்ட மருந்துகள், செய்துகொண்ட ஆபரேஷன்கள். அதன்கீழ் இந்த வலியால் நிறுத்திவிட்ட காரியங்களை எழுதுங்கள். "பத்துக்கு எட்டு வலி" என்றால் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம். "நாற்று நடப் போய் மூணு மாசமாச்சு", "பரீட்சை எழுத முடியாம பாதியில வந்துட்டேன்" என்பதைக் கேட்டால் எந்த டாக்டரும் நிமிர்ந்து பார்ப்பார்.

5. "கேஸ்" என்ற பேரை நீங்களே வைத்துக்கொண்டு போகாதீர்கள். "கேஸ் டிரபிள் டாக்டர்" என்று நாம் தொடங்கினால் கேஸ் மாத்திரையோடுதான் திரும்புவோம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் பான்டோபிரசோல் போடுகிறவர்களைப் பார்க்கிறேன். இரைப்பையில் ஹெலிகோபாக்டர் கிருமி இருக்கிறதா என்று சோதிப்பதற்கு முன் அந்த மாத்திரையை இரண்டு வாரமாவது நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டக்கூடும். நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு நிறுத்துங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் இன்னும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நடந்தால் மேல்வயிற்றில் அடைத்து, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அது இதயமாக இருக்கலாம். ஈசிஜி எடுக்காமல் அதை கேஸ் என்று விடக் கூடாது.

6. அறையை விட்டு எழுந்திருக்கும் முன் மூன்று கேள்விகளைப் பணிவாகக் கேளுங்கள். "என்னவா இருக்கலாம்னு நினைக்கிறீங்க டாக்டர்? இந்த மருந்து கேக்கலைன்னா அடுத்தது என்ன? நான் எப்ப திரும்ப வரணும்?" மூன்றாவதுதான் முக்கியம். திரும்பி வர ஒரு தேதி இருந்தால் உங்கள் வலி அவருடைய பொறுப்பில் இருக்கிறது.

7. சாதாரணமாகத் தவறிப்போகும் சிலவற்றைச் சொல்கிறேன், இவற்றைப் பற்றி நீங்களே கேட்கலாம்.

என் வலியிலிருந்து தொடங்குகிறேன். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த தழும்புக்குப் பக்கத்தில், ஒரு ரூபாய் நாணயம் அகலத்தில் ஓர் இடம். இருமினால் சுரீர் என்று இழுக்கும், ஒருக்களித்துப் படுக்க முடியாது. எடுத்த ஸ்கேன் எல்லாம் சுத்தம். வயசு, வாயு, மனக்கவலை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் பயிற்சியில் இருந்த ஒரு சின்ன டாக்டர், ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் படுக்கச் சொன்னார். வலிக்கும் இடத்தில் விரலை வைத்து அழுத்தியபடியே, தலையையும் தோளையும் மட்டும் தூக்கச் சொன்னார். வலி கூடியது. உள்ளுறுப்பில் வலி என்றால் வயிற்றுத் தசை இறுகும்போது அது கவசமாகிவிடும், வலி குறையும். கூடினாலோ அப்படியே இருந்தாலோ வலி வயிற்றுச் சுவரில்தான் இருக்கிறது, தசையினூடே வரும் தோல் நரம்பு சிக்கியிருக்கலாம் என்றார். கார்னெட் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சையாளர் 1926-இலேயே எழுதிவைத்த சோதனை இது. மெஷின் வேண்டாம், காசு வேண்டாம், ஒரு விரல் போதும். மரத்துப்போகும் ஊசியை அந்த இடத்தில் போட்டார், எழுந்து உட்காரும்போதே வலி இறங்கியிருந்தது. சில வாரத்தில் திரும்ப வந்தது, திரும்ப ஊசி போட்டோம், பிறகு படிப்படியாக அடங்கியது. எல்லோருக்கும் இப்படி அடங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய வலி என்றால், தழும்புக்கு அருகில் என்றால் இன்னும் கட்டாயமாக, "தலையைத் தூக்கச் சொல்லிப் பாருங்க டாக்டர்" என்று கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கணையம். மதுவே தொடாத இளைஞர்களுக்கும் கணையக் குழாயில் கல் சேரும் ஒரு நோய் தென்னிந்தியாவில் உண்டு. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ் 1960-களிலேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். சாப்பிட்டால் மேல்வயிறு வலிக்கும், உடம்பு இளைக்கும், பிறகு சர்க்கரை நோயும் வரும். நாள்பட்டுப்போனால் ரத்தத்தில் அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு சரியாகவே இருக்கலாம். கல்லோ பல சமயம் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். இந்தப் பிள்ளைகளிடம் "உண்மையச் சொல்லு, குடிப்பியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்து எனக்கு நெஞ்சு கொதித்திருக்கிறது.

குடல் காசநோய் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. வலது அடிவயிற்றில் வலி, கடமுடா சத்தம், எடைக் குறைவு, சாயங்காலக் காய்ச்சல். இருமல் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. மருந்தை அரசே இலவசமாகத் தருகிறது, பொதுவாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும்.

நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதை மறைக்காதீர்கள். சில பஸ்ப, செந்தூர வகைகளில் ஈயம் இருந்து, அதனாலேயே மலச்சிக்கலும் வயிற்று முறுக்கும் வந்தவர்கள் உண்டு. பேட்டரி பட்டறையில் வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். ரத்தத்தில் ஈய அளவு பார்த்தால் தெரிந்துவிடும்.

8. மாதவிலக்கோடு வரும் வலியைத் தனியாகச் சொல்ல வேண்டும். "பொம்பளைன்னா வலிக்கத்தான் செய்யும்", "கல்யாணம் ஆனா சரியாயிடும்", "ஒரு புள்ள பொறந்தா போயிடும்" என்று சொல்லியே எத்தனை பெண்களை வருடக்கணக்கில் சுருண்டு படுக்க வைத்திருக்கிறோம்! கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், பிள்ளை பெறும் வயதிலிருக்கும் பெண்களில் சுமார் பத்து சதவீதம் பேருக்கு, உலகம் முழுக்க ஏறத்தாழ 19 கோடிப் பேருக்கு, இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சினைப்பையில் கட்டியாக இருந்தால் ஸ்கேனில் தெரியும், "சாக்லேட் கட்டி" என்பார்கள். குடல்மேலும் வயிற்றின் உட்சுவரிலும் சிறு திட்டுகளாக இருந்தால் ஸ்கேனில் தெரியாமலே போகலாம். அந்த நாட்களில் மலம் கழிக்கும்போது வலி, உறவின்போது வலி, பள்ளிக்கும் வேலைக்கும் போக முடியாத வலி என்று இருந்தால் கூச்சப்படாமல் அப்படியே சொல்லுங்கள். சொல்ல வாய் வரவில்லை என்றால் தாளில் எழுதி நீட்டுங்கள். வயிற்றில் துளை போட்டு லேப்ராஸ்கோப்பில் பார்த்து உறுதி செய்தால்தான் மருந்து தொடங்கலாம் என்ற கட்டாயம் இப்போது இல்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் அதைத்தான் சொல்கிறது. அம்மாக்களுக்கு ஒன்று: வயதுக்கு வந்த மகள் மாதாமாதம் பள்ளிக்கு லீவு போட்டால், கஷாயம் கொடுத்ததோடு நிறுத்தாமல் மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

9. "மனசுதான் காரணம்", "டென்ஷன் ஆகாதீங்க" என்று சொல்லும்போது கோபம் வரும். வரட்டும். ஆனால் கதவைச் சாத்திவிட்டு வந்துவிடாதீர்கள். குடலுக்கென்று பெரிய நரம்புப் பின்னல் இருக்கிறது, அது மூளையோடு ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறது. நாள்பட்ட வலியில் அந்த நரம்புகள் சாதாரண அசைவையே வலியாக அனுப்பத் தொடங்கிவிடும். ஐபிஎஸ் (எரிச்சல் குடல் நோய்) என்கிறார்களே, அதற்கு முறையான இலக்கணம் உண்டு. 2016-இல் திருத்திய ரோம் அளவுகோலின்படி, ஆறு மாதத்துக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதமாக வாரம் ஒரு நாளாவது வலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு தொடர்பு, மலம் போகும் தடவை மாறுவது, அதன் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு அந்த வலியோடு சேர்ந்திருக்க வேண்டும். வேறொன்றும் கிடைக்காதபோது ஒட்டும் சீட்டாக அந்தப் பெயரைச் சொன்னால், "எந்த அடையாளத்த வச்சு சொல்றீங்க டாக்டர்?" என்று கேட்கலாம். அமிட்ரிப்டிலின் எழுதிக் கொடுத்தால் "பைத்தியத்துக்கு மருந்து குடுத்துட்டாங்க" என்று தூக்கிப் போட வேண்டாம். மனச்சோர்வுக்குத் தருவதைவிட மிகக் குறைந்த அளவில் அது ஐபிஎஸ் தொல்லைகளைக் குறைப்பதை இங்கிலாந்தில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வலியால் மனது சோர்ந்திருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லலாம், அதனால் வலி பொய்யாகிவிடாது.

10. நம்புகிற ஒருவரைக் கூட்டிப்போங்கள். தருமசேனராக இருந்த நாவுக்கரசர் சூலை தாங்காமல் துடித்தபோது, உடனிருந்தவர்களின் மந்திரமும் மயிற்பீலியும் பலிக்காமல், திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாரைத்தான் தேடிப் போனார் என்கிறது பெரிய புராணம். வலியில் இருப்பவருக்கு முதல் துணை அப்படி ஓர் ஆள்தான். நீங்கள் சொல்ல மறந்ததை அவர் சொல்வார், டாக்டர் சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்வார், ராத்திரி நீங்கள் எப்படித் துடித்தீர்கள் என்பதற்குச் சாட்சியாகவும் இருப்பார்.

11. மாதம் ஒரு டாக்டர் என்று மாறாதீர்கள், ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்குவார்கள். உங்களைப் படுக்க வைத்து வயிற்றைத் தொட்டுப் பார்க்கும் ஒருவரைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடவே மாட்டேன் என்கிறவரை மாற்றலாம், தப்பில்லை. பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் குடல், இரைப்பைக்கென்று தனிப் பிரிவு உண்டு. மாவட்ட மருத்துவமனையிலிருந்து சீட்டு வாங்கிப் போங்கள். சிகிச்சை பெற்ற இடத்தில் எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறை விதி சொல்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், சில பெரிய பரிசோதனைகளுக்கும் அதில் வழி உண்டு. மருத்துவமனையில் இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள்.

12. வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாள்கணக்கில் விழுங்காதீர்கள். டைக்ளோஃபெனாக், மெஃபனமிக் ஆசிட் போன்றவை இரைப்பையைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பிறகு அந்தப் புண்ணின் வலி எது, பழைய வலி எது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

13. "எதுக்கும் எடுத்துப் பாத்துடலாம்" என்று குடல்வாலையோ கருப்பையையோ எடுக்கச் சொன்னால், கையெழுத்துப் போடும் முன் வேறு ஊரில், வேறு மருத்துவமனையில் ஒருவரிடம் காட்டுங்கள். எந்தக் காரணத்துக்காக எடுக்கிறார்கள், எடுத்தால் இந்த வலி போகும் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வயிற்றில் செய்யும் ஒவ்வொரு ஆபரேஷனும் உள்ளே ஒட்டுகளை உண்டாக்கக்கூடும், அந்த ஒட்டுகளாலேயே பின்னால் குடல் அடைத்து வலி வருவதும் உண்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்த உறுப்பை பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள், முடிவு வர சில நாளாகும். தையல் பிரிக்கப் போகும்போது அந்த ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கி ஃபைலில் சேர்த்துவிடுங்கள்.