செட்டு கடைசியில வாங்கலாம், தம்பி!

டேய் தம்பி, டகோமா பிக்கப் வண்டி கைக்கு வந்த வேகத்துல ஐம்பது வாட் ஹாம் ரேடியோ ஒண்ணை ஆர்டர் போடப் போறியாமே. கொஞ்சம் பொறு. உன்கூட வர்ற வண்டிகள்ல என்ன ரேடியோ இருக்குன்னு முதல்ல கேளு. எல்லாரும் ஒரு பக்கம் பேசிட்டு வர, நீ மட்டும் வேற அலைவரிசையில உட்கார்ந்திருந்தா எவ்வளவு விலை கொடுத்து வாங்கியும் பிரயோஜனமில்லை.

ரேடியோ நிஜமாவே வேணுமான்னு இன்னும் யோசிச்சா கலிபோர்னியா பாலைவனத்துல இருக்கிற மொஹாவி ரோட்டை நினைச்சுப் பாரு. கொலராடோ ஆத்தங்கரையில ஆரம்பிச்சு பார்ஸ்டோ பக்கம் வரைக்கும் ஏறக்குறைய 140 மைல் மண்பாதை. பெரும்பாலான இடத்துல செல்போன் சிக்னல் கிடையாது. முன்னாடி போற வண்டி கிளப்புற புழுதியில கண்ணு தெரியாது, அதனால நல்லா இடைவெளி விட்டுத்தான் ஓட்டணும். விட்டா பின்னாடி வர்றவன் எந்தத் திருப்பத்துல தங்கிட்டான்னே தெரியாது. முதல் வண்டி, "எதிர்ல மூணு ஜீப் வருது, வலது பக்கம் ஒதுங்கிக்கோங்க"ன்னு சொல்லணும். கடைசி வண்டி, "நானும் திரும்பிட்டேன், கிளம்பலாம்"னு சொல்லணும். காட்டுப் பாதையில முக்கால்வாசிப் பேச்சு இவ்வளவுதான். இதுக்கு ஐம்பது வாட் தேவையில்லை, அஞ்சு வாட்டே தாராளம்.

சிபி ரேடியோ பழைய ஜீப் கூட்டங்கள்ல இன்னும் இருக்கு. 27 மெகாஹெர்ட்ஸ், 40 சேனல், லைசென்ஸ் வேண்டாம். ஆனா இரைச்சல் அதிகம், சாதாரண ஏஎம் செட்டு நாலு வாட்டுக்கு மேல போகாது. இப்ப நிறைய கிளப்புகள் ஜிஎம்ஆர்எஸ்ங்கிற ரேடியோ சேவைக்கு மாறிட்டாங்க. அதுக்குப் பரீட்சை இல்லை. லைசென்ஸ் தர்ற அரசு அமைப்பான எஃப்சிசிக்கு 35 டாலர் கட்டினா பத்து வருஷத்துக்கு லைசென்ஸ். அதுலயும் எனக்குப் பிடிச்ச விஷயம், ஒருத்தர் எடுத்தா குடும்பமே பேசலாம். பெண்டாட்டி, பிள்ளைங்க, அம்மா அப்பா, அண்ணன் தம்பி, அத்தை மாமா, மாமியார் வரைக்கும் சட்டத்துலயே பட்டியல் போட்டு எழுதி வச்சிருக்கான். நம்ம ஊர்க் கூட்டுக் குடும்பத்தைப் பார்த்துட்டு எழுதினானோ என்னவோ!

ஹாம் அப்படி இல்லை. மைக்கைப் பிடிக்கிற ஒவ்வொருத்தருக்கும் தனி லைசென்ஸ் வேணும். இல்லைன்னா லைசென்ஸ் உள்ளவர் பக்கத்துலயே இருந்து பார்த்துக்கணும். உன் நண்பர்கள்ல பாதிப் பேர் பரீட்சை எழுத மாட்டோம்னு சொன்னா, வண்டிக்கு வண்டி பேச ஜிஎம்ஆர்எஸ்ஸே போதும், அதுல ஒண்ணும் குறைச்சல் இல்லை. ஹாமோட பலமே வேற. மலை உச்சிகள்ல ஆர்வலர்கள் வச்சிருக்கிற ரிப்பீட்டர்கள் வழியா, நீ பள்ளத்தாக்குல இருந்தாலும் ஐம்பது அறுபது மைல் தள்ளி இருக்கிற ஊர்க்காரரோட பேச வாய்ப்பு உண்டு. நான் ரெண்டையும் வச்சிருக்கேன். ஆனா ஹாம் செட்டுலயே ஜிஎம்ஆர்எஸ் அலைவரிசையைப் போட்டுப் பேசிக்கலாம்னு யாராவது யோசனை சொன்னா கேட்காதே. அதுக்குன்னு அனுமதி வாங்கின செட்டுலதான் அதைப் பேசணும்.

ஹாம் லைசென்ஸுக்கு வருவோம். நீ ஹெச்1பி விசாவுல இருக்கே, உனக்குத் தர மாட்டாங்கன்னு யாரோ பயமுறுத்தினாங்களாமே? அது பொய். வெளிநாட்டு அரசாங்கத்தோட பிரதிநிதியா இல்லாத யாரும் எழுதலாம், குடியுரிமையோ க்ரீன் கார்டோ கேட்கிறதில்லை. வயசு வரம்பும் கிடையாது, உன் பொண்ணுகூட எழுதலாம். முதல் படிக்கு டெக்னீஷியன்னு பேரு. 35 கேள்வியில 26 சரியா இருந்தா பாஸ். கேள்விகள் எல்லாமே வெளியிட்ட தொகுப்புல இருந்துதான் வரும். அந்தத் தொகுப்பு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை மாறும். 2022-ல வந்தது 2026 ஜூன் 30 வரைக்கும்தான், ஜூலை 1-ல இருந்து புதுசு. அதனால படிக்கிற புத்தகம் எந்த வருஷத்துதுன்னு அட்டையைப் பார்த்து வாங்கு. ஹாம்ஸ்டடின்னு ஒரு தளம் இருக்கு, இலவசம். பஸ்ஸுல போகும்போது போன்ல தட்டிட்டே படிச்சிடலாம். ஓம்ஸ் லா எல்லாம் ப்ளஸ் டூ பிசிக்ஸ்தான், உனக்குத் தண்ணி பட்ட பாடு. காலை வாருறது சட்ட விதிகள்தான், அதைக் கூடுதலா பாரு.

பரீட்சைக்கு முன்னாடியே எஃப்சிசி தளத்துல பதிவு எண் வாங்கிக்கோ. பாஸானதும் 35 டாலர் கட்டச் சொல்லி மெயில் வரும், பத்து நாளுக்குள்ள கட்டணும். ஸ்பாம்ல போய் விழுந்திருக்கும், தேடிப் பாரு. உன் கால்சைன், அதாவது உனக்குன்னு தர்ற அடையாளக் குறி, எஃப்சிசி பட்டியல்ல வந்த நிமிஷத்துல இருந்து பேசலாம், காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

இதை மட்டும் அக்கா சொல்றேன்னு கண்டிப்பா கேளு: விண்ணப்பத்துல கொடுக்கிற முகவரி ஊருக்கே தெரியும். கால்சைனைத் தட்டினா யாரு வேணும்னாலும் பார்க்கலாம். அதனால தபால் பெட்டி எண் ஒண்ணு எடுத்து அதைக் கொடு. ரேடியோவுல கால்சைனைச் சொல்லிட்டு, "நாங்க நாலு நாளைக்கு வீட்டுல இல்லை"ன்னு சாவகாசமா கதை பேசுறவங்களைக் கேட்டிருக்கேன். திருடனுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?

இப்ப ஆன்டெனா. பணத்தையும் யோசனையையும் கொட்ட வேண்டிய இடம் இதுதான். கையடக்க செட்டை வண்டிக்குள்ள வச்சுப் பேசுறது தகர டப்பாக்குள்ள உட்கார்ந்து கத்துற மாதிரி. சுத்தி இருக்கிற இரும்பு பாதி சிக்னலை விழுங்கிடும். அதே செட்டுல ஒரு வயரை மாட்டி, கூரை மேல காந்த ஆன்டெனா வச்சுப் பாரு, வித்தியாசம் உடனே தெரியும். புது ரேடியோவே வாங்கத் தேவையிருக்காது. வாங்கும்போது ஆன்டெனா முனையைக் கவனி. பாஃபெங் செட்டுக்குச் சேர்றது யேசு செட்டுக்குச் சேராது, ஒண்ணுல ஆணி வெளியில, இன்னொண்ணுல உள்ளே. தடிமனான கேபிளை நேரா செட்டுல திருகாதே, கனம் தாங்காம முனை ஆடிப் போயிடும். நடுவுல மெல்லிசா ஒரு சின்ன வயர் போட்டுக்கோ.

இரண்டு மீட்டர் பேண்டுக்கு, அதாவது 144-ல இருந்து 148 மெகாஹெர்ட்ஸுக்கு, கால் அலை ஆன்டெனா சுமார் 19 இன்ச் உயரம். அந்தக் கம்பி மட்டும் ஆன்டெனா இல்லை, அதுக்குக் கீழே இருக்கிற உலோகத் தகடும் சேர்ந்துதான் ஆன்டெனா. அதனாலதான் கூரையோட நடுப்பகுதி ரொம்ப நல்ல இடம். உன் டகோமா கூரையில காந்தம் ஒட்டுதான்னு வச்சுப் பார்த்துக்கோ. ஆனா 2015-க்கு அப்புறம் வந்த ஃபோர்டு எஃப்-150 வச்சிருக்கிற உன் சிநேகிதன் காந்தம் வாங்கிட்டு வந்து நிப்பான். அந்த வண்டி அலுமினியம், ஒட்டாது. புது ஜீப் ரேங்க்லர் பானட்டும் அலுமினியம்தான், கூரையோ பிளாஸ்டிக் இல்லைன்னா துணி. அந்த மாதிரி வண்டிக்குத் தகடு தேவைப்படாத அரை அலை ஆன்டெனா பார்க்கச் சொல்லு.

காந்தம் இல்லாம நிரந்தரமா மாட்டணும்னா, கூரையில ஓட்டை போட மனசு வராது, புது வண்டியாச்சே. பானட் கீல் பக்கத்துல போல்ட் போடுற பிராக்கெட் கிடைக்கும், அதை மாட்டிக்கோ. மாட்டும்போது பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டி, பிராக்கெட் வெறும் உலோகத்தைத் தொடுற மாதிரி வை. சுரண்டின இடத்துல துரு பிடிக்காம லேசா கிரீஸ் தடவு. சிக்னல் எவ்வளவு திரும்பி வருதுன்னு காட்டுற எஸ்டபிள்யூஆர் மீட்டர்ல மூணு, நாலுன்னு காட்டி ஆன்டெனாவே சரியில்லைன்னு திருப்பி அனுப்புறவங்க நிறைய பேர். பாதி நேரம் குத்தம் இந்தப் பெயின்ட்தான். 1.5-க்குக் கீழே இருந்தா அருமை, இரண்டு வரைக்கும் பரவாயில்லை, மூணு காட்டினா பட்டனை அமுக்காம காரணத்தைத் தேடு. ஆன்டெனாவே மாட்டாம அமுக்கினா செட்டே போயிடலாம்.

உயரமான ஆன்டெனாதான் நல்லதுன்னு கடைக்காரர் சொல்லுவார். சமதரையில சரி. அது சிக்னலைத் தட்டையாக்கி அடிவானத்தை நோக்கி அனுப்பும். நீ பள்ளத்துல இருக்கே, ரிப்பீட்டர் தலைக்கு மேல மலையில இருக்கு. அந்த இடத்துல குட்டையான கால் அலையே ஜெயிக்கும். மரக்கிளையில அடிபட்டாலும் சீக்கிரம் உடையாது.

ஐம்பது வாட் செட் வாங்கித்தான் தீருவேன்னா கரண்ட்டை சிகரெட் லைட்டர் ஓட்டையில இருந்து எடுக்காதே. பேசும்போது பத்துப் பன்னிரண்டு ஆம்பியர் இழுக்கும். நேரா பேட்டரியில இருந்து, ஃப்யூஸ் பேட்டரி பக்கத்துலயே இருக்கிற மாதிரி இழு. பேட்டரியோட நெகட்டிவ் முனையில சென்சார் இருந்தா, கறுப்பு வயரை அந்த முனையில மாட்டாம பாடியில எர்த் ஆகிற இடத்துல மாட்டு. இரைச்சல் வந்தா முதல்ல மலிவு யுஎஸ்பி சார்ஜரையும் டேஷ்கேமையும் பிடுங்கிப் பாரு.

சேனல் போடுற வேலையை வீட்டுலயே முடிச்சிடு, அங்கே போய் இன்டர்நெட் கிடைக்காது. ரிப்பீட்டர்புக் தளத்துல போற வழியில இருக்கிற ரிப்பீட்டர்களை எடுத்து, சர்ப் மென்பொருள் வழியா செட்டுல ஏத்து. பெரும்பாலானதுக்கு ஒரு டோன் இருக்கும். அதைப் போட மறந்தா அவங்க பேசுறது உனக்குக் கேட்கும், நீ பேசுறது யாருக்கும் கேட்காது. புதுசா வர்றவங்க செட் கெட்டுப் போச்சுன்னு புலம்புறது பெரும்பாலும் இதுக்குத்தான். கூடவே 146.520-ஐ முதல் சேனலா வை. அது நாடு முழுக்கக் கூப்பிடுறதுக்குன்னு வச்சிருக்கிற அலைவரிசை. அதுல கூப்பிட்டுட்டு வேற இடத்துக்கு நகர்ந்து பேசணும், உங்க கூட்டத்தோட சாப்பாட்டுக் கதையை அங்கே ஓட்டக் கூடாது. ஆள் இல்லாத இடங்கள்ல காலையில ஏழு, பத்து, மத்தியானம் ஒண்ணு, நாலு, ராத்திரி ஏழு மணிக்கு அஞ்சு நிமிஷம் அதைக் கேட்கிற வழக்கம் ஒண்ணு உண்டு. எல்லாரும் கேட்பாங்கன்னு நம்பிடாதே, நீ கேளு.

பட்டனை அமுக்கின உடனே பேசாதே, ஒரு விநாடி விட்டுப் பேசு. இல்லைன்னா முதல் வார்த்தை ரிப்பீட்டருக்குள்ள போகாது. "நிறுத்து"ன்னு நீ கத்தினா "த்து" மட்டும்தான் கேட்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவையும் பேச்சை முடிக்கும்போதும் கால்சைன் சொல்லணும். அதை மட்டும் இங்கிலீஷ்ல சொல்லு. மத்தபடி தாராளமா தமிழ்லயே பேசலாம், சட்டம் தடுக்கலை.

லைசென்ஸ் இல்லாம செட் மட்டும் வாங்கி ஆபத்துக்குன்னு பெட்டியில போட்டு வைக்கிறதுல எனக்கு உடன்பாடில்லை. உயிருக்கு ஆபத்துன்னு வரும்போது வேற வழியே இல்லைன்னா எந்த அலைவரிசையிலயும் கூப்பிடலாம்னு சொல்லுவாங்க. ஆனா எந்த டோன், எந்த ரிப்பீட்டர்னு பழகாத கை அந்த நேரத்துல என்ன செய்யும்? பழகின கைக்கும் மறுமுனையில ஒருத்தர் கேட்டுக்கிட்டு இருந்தாத்தான் பதில். அதனால ஐபோன் 14-ஓ அதுக்கு அப்புறம் வந்ததோ இருந்தா அதோட சேட்டிலைட் எஸ்ஓஎஸ் வசதியைப் பழகிக்கோ, இல்லைன்னா இன்ரீச் மாதிரி சேட்டிலைட் மெசேஜ் கருவி ஒண்ணு வாங்கு. ரேடியோவுக்குன்னு ஒதுக்கின காசுல முதல்ல அதை எடு. மிச்சத்துல ஆன்டெனா, அதுக்கப்புறம் மீதி இருந்தா செட்டு. சந்தேகம் வந்தா சனிக்கிழமை காலையில கூப்பிடு, மத்த நாள்ல எனக்கு மீட்டிங்.