கட்டை வண்டியும் 17 இன்ச் ரிம்மும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ அனுப்பிய படத்தை மூன்று தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். உன் வெள்ளை ஸ்விஃப்டுக்கு நீ போட நினைக்கிற கறுப்பு அலாய், 17 இன்ச், அதைச் சுற்றி ரப்பர் வளையல் போட்ட மாதிரி ஒரு டயர். வண்டி ஜம்மென்று இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். வில்லியனூரில் முப்பது வருஷம் வீல் அலைன்மென்ட் கடை நடத்தியவன் நான். பெரிய ரிம் போட்ட வண்டி கடைமுன் வந்து நின்றால் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன். அதனால் பெருசுக்கு ரசனை இல்லை என்று ஆரம்பித்துவிடாதே.

போனில் சொன்னால் 'சரி மாமா, சரி மாமா' என்பாய். மறுநாளே கடையில் முன்பணம் கட்டிவிடுவாய். எழுத்தில் இருந்தால் இன்னொரு தடவை படிப்பாய் என்றுதான் இந்தக் கடிதம்.

முதலில் உன் வண்டியில் இப்போது ஓடுகிற டயரைக் குனிந்து பார். 165/80 ஆர்14 என்று இருக்கும். டயரின் அகலம் 165 மில்லிமீட்டர். அதில் 80 சதவீதம், அதாவது 132 மி.மீ., ரிம்முக்கும் தரைக்கும் நடுவே நிற்கிற ரப்பர் சுவரின் உயரம். 14 என்பது ரிம்மின் விட்டம், இன்ச் கணக்கில். ஒரு இன்ச் 25.4 மி.மீ. ரிம்மோடு மேலே ஒரு சுவர், கீழே ஒரு சுவர் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் ஏறக்குறைய 620 மி.மீ. வரும். கணக்கா என்று முகம் சுளிக்காதே. நம்ம ஊர்ப் பெருமாள் கோயில் கல்வெட்டு என்ன சொல்கிறது தெரியுமா? 1048 வாக்கில், முதலாம் ராஜாதிராஜன் காலத்தில், இந்தத் திருபுவனையில் 260 மாணவர்களும் 12 ஆசிரியர்களுமாக ஒரு கல்லூரி நடந்திருக்கிறது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு ஒரு பெருக்கலுக்குப் பயந்தால் எப்படி?

நீ கேட்கிற அளவு 205/45 ஆர்17. அதையும் இதே மாதிரி போட்டுப் பார். 616 மி.மீ. வரும். புரிகிறதா? பெரிய சக்கரம் என்று நினைத்து நீ காசு கொடுக்கப்போகிற சக்கரம் பழையதைவிட ஒரு நூல் சின்னது. பெரிதானது நடுவில் இருக்கிற இரும்பு மட்டும்தான். அலுமினியம் என்று என்னைத் திருத்துவாய், சரி, அலுமினியம். 132 ஆக இருந்த ரப்பர் சுவர் 92 ஆகிவிட்டது. இரண்டு விரல் அகலம் காணோம். அந்த இரண்டு விரலில் இருந்தது காற்று.

உன் தாத்தா காலத்துக் கட்டை வண்டியை நீ பார்த்திருக்க மாட்டாய். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தைக்கு நான் சின்னப் பையனாக அதில் போயிருக்கிறேன். சக்கரம் என் தலைக்கு மேல் நிற்கும். நடுவில் குடம், சுற்றிலும் ஆரக்கால், அதன்மேல் வட்டை, வட்டையைச் சுற்றி இரும்புப் பட்டா. சந்தை போய்ச் சேர்வதற்குள் பல் ஆடிவிடும். வைக்கோலை மெத்தையாகப் போட்டு அதன்மேல் கோணியை விரித்துத்தான் பெண்டு பிள்ளைகளை உட்காரவைப்பார்கள். பிறகு டயர் வண்டி வந்தது. சக்கரம் பாதி உயரம்தான். பார்க்க லட்சணமே இல்லை. ஆனால் அதே மாடு கூடுதல் பாரத்தை இழுத்தது, ஏறியிருந்த கிழவி முனகவில்லை. ஊரே கட்டை வண்டியை விட்டுவிட்டு டயர் வண்டிக்குப் போனதற்கு வேறு ரகசியம் கிடையாது. இப்போது நீ கேட்கிறது, காருக்கு மறுபடியும் பட்டா கட்டுகிற வேலை.

காற்றடைத்த டயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த டன்லப் ஒரு மாட்டு வைத்தியர் என்பது உனக்குத் தெரியுமா? பெல்ஃபாஸ்ட் நகரத்தில், பையனின் மூன்று சக்கர சைக்கிள் கல் ரோட்டில் குலுங்குகிறதே என்று ரப்பர் குழாயில் காற்றடித்துச் சுற்றினார். 1888-இல் காப்புரிமை வாங்கினார். அவ்வளவு தூரம் ஏன், நெட்டப்பாக்கம் கொம்யூன் ஏரிப்பாக்கத்தில் டயர் ஆலை வைத்திருக்கிற எம்ஆர்எஃப் எப்படித் தொடங்கியது? 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் மாம்மன் மாப்பிள்ளை ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்தார். பலூனோ டயரோ, விற்கிற சரக்கு அடைத்த காற்றுதான்.

நீ கேட்பாய்: அப்படியானால் தட்டை டயரை எதற்குக் கண்டுபிடித்தார்கள்? நியாயமான கேள்வி. பந்தயக்காரர்களுக்கு வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கவேண்டும். உயரமான ரப்பர் சுவர் பக்கவாட்டில் கொஞ்சம் நெளிந்துவிட்டுத்தான் திரும்பும். குட்டைச் சுவர் நெளியாது. பெரிய ரிம்முக்குள் பெரிய பிரேக் டிஸ்க்கும் வைக்கலாம். 1970களில் பிரெல்லி கம்பெனியின் பி7 டயர் போர்ஷ 911 டர்போவில் ஏறியதிலிருந்து இந்த மோகம் சாலைக் கார்களுக்கும் பரவியது. உன் பிரேக் டிஸ்க் பெரிதாகப் போவதில்லை. ஷிப்ட் முடிந்து தொழிற்பேட்டை வாசலில் இருந்து வீட்டுக்கு வருகிற வழியில் அப்படிப்பட்ட வளைவும் எனக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை.

வெளிநாட்டு ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் 17 இன்ச் உண்டே என்று போன வாரம் சொன்னாய். உண்டு, 195/45 ஆர்17. அது 1.4 லிட்டர் டர்போ வண்டி. ஸ்பிரிங், ஷாக் எல்லாம் அந்தச் சக்கரத்துக்கென்றே அமைத்தது. இந்தியாவில் விற்கவும் இல்லை. சூட்டுக்குத் தைத்த பொத்தானை லுங்கியில் வைக்காதே.

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி போகிற நாலு வழிச் சாலை இப்போது நன்றாகத்தான் இருக்கிறது. அதில் மட்டும் ஓடுவாய் என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். சாலையை விட்டுக் கலிதீர்த்தாள்குப்பம் பக்கமோ நெட்டப்பாக்கம் பக்கமோ திரும்பினால் என்ன ஆகும்? கோயிலுக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, வெள்ளைக்கோடே இல்லாத ஸ்பீட் பிரேக்கர். பாரமேற்றிய கரும்பு டிராக்டர் அழுத்திய இடமெல்லாம் அலை அலையாகத் தார். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயலில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் புதுச்சேரியில் கொட்டியதே, அப்போது தண்ணீர் வடிந்ததும் வெளியே தெரிந்த பள்ளங்களை நீயே பார்த்தாய். பள்ளத்தின் ஆழத்தைவிட அதன் ஓரம்தான் ஆபத்து. தார் பெயர்ந்த இடத்தில் கருங்கல் ஜல்லி கத்தி மாதிரி நிற்கும். சக்கரம் அதில் மோதும்போது டயர் சப்பையாகி, ரப்பர் சுவர் கல்லுக்கும் ரிம் ஓரத்துக்கும் நடுவில் வெற்றிலைப் பாக்கு மாதிரி நசுங்கும். உள்ளே இருக்கிற நூலிழைகள் அறுந்துபோகும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் கழித்து டயர் பக்கவாட்டில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு புடைப்பு. அதைப் பஞ்சர் போடவும் முடியாது, வல்கனைஸ் பண்ணவும் கூடாது. டயரைத் தூக்கிப் போடவேண்டியதுதான். சுவர் உயரமாக இருந்தால் நசுங்க இன்னும் இடம் இருக்கும், பல அடிகள் அதிலேயே கரைந்துவிடும். 14 இன்ச் இரும்பு ரிம் வளைந்தாலும் நான் சுத்தியலால் தட்டி நேராக்கிக் கொடுத்த காலம் உண்டு. அலாய் விரிசல் விட்டால் விட்டதுதான்.

நான் யோக்கியன் மாதிரி பேசுகிறேனே, என் கதையையும் கேள். மாருதி 800 வைத்திருந்தேன், ஞாபகம் இருக்கும், சிவப்பு. 145/70 ஆர்12 தான் அதன் டயர். எனக்குத் திமிர், கடை என்னுடையது, 13 இன்ச் அலாய் போட்டு 155/65 டயர் மாட்டினேன். கணக்குப் போடாமலே. மொத்த உயரம் 508-இல் இருந்து 532 ஆகிவிட்டது. முழுக்க ஒடித்தால் உள் மட்கார்டில் உரசும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 63-ஐ நெருங்கி ஓடியது. இதையெல்லாம் ஸ்டைல் என்று பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் பாகூரில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி திரும்பும்போது, உன் பாட்டி பின்சீட்டில், ஒரு பள்ளத்தில் டமார் என்று இறங்கியது. இடது பக்க ரிம் இரண்டும் காலி. ஸ்டெப்னி ஒன்றுதானே? நடுராத்திரியில் பாட்டியை ஒரு திண்ணையில் உட்காரவைத்துவிட்டு நான் இன்னொரு சக்கரத்துக்கு அலைந்தேன். 'உனக்குக் கடை எதுக்குடா' என்று அவர் கேட்டதை உன் அம்மா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

உன் வண்டியில் பின்சீட்டில் உட்காரப் போகிறவள் உன் அம்மாதான். இடுப்பு வலிக்கு ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத்தான் இந்த வண்டியே வாங்கினாய். 17 இன்ச்சை முன்சீட்டில் உட்கார்ந்து நீ ரசிப்பாய்; ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அதற்குக் கப்பம் கட்டுவது என் அக்கா இடுப்பு.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றாதே என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் அதைக் கறாராகச் சொல்லிவிட்டது. டயர் அளவுக்காக ரோட்டில் மடக்குவார்கள் என்று நான் பூச்சாண்டி காட்டவில்லை. விபத்து என்று ஒன்று ஆகி, இன்ஷூரன்ஸ்காரன் வண்டியைச் சுற்றிவரும்போதுதான் அந்தப் பேச்சு வரும். இன்னொன்று தெரியுமா? சாதாரண பாலிசியில் டயர் மட்டும் சேதமானால் ஒரு பைசா வராது. வண்டியும் சேர்ந்து அடிபட்டால்தான் டயருக்குப் பணம். அதுவும் புது டயர் விலையில் பாதி.

சரி, வேண்டாம் வேண்டாம் என்று மட்டும் சொல்லி உன்னை அனுப்பினால் நான் என்ன மாமா? உன் ஆசைக்கு வழி இருக்கிறது. இதே ஸ்விஃப்டின் உயர்ந்த மாடலுக்குக் கம்பெனியே கொடுக்கிற அளவு 185/65 ஆர்15. மொத்த உயரம் 621.5, பழையதோடு இரண்டு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ரப்பர் சுவர் 120 மி.மீ. இருக்கும், தரைப்பிடி கூடும், பிரேக் அடித்தால் நிற்கும், அலாயும் ஆகிவிட்டது. 14 இன்ச் ஸ்டெப்னியை அவசரத்துக்கு மாட்டினாலும் வண்டி ஒருபக்கம் சாயாது. என் ஓட்டு இதற்குத்தான். 16 இருந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடித்தால் 195/55 போடு, மொத்தம் 621. கடைக்காரன் கையில் இருக்கிறது என்று 195/50-ஐத் தள்ளப் பார்ப்பான், அது 601தான். வண்டி தரைக்கு இறங்கும், ஸ்பீடாமீட்டர் 100 என்னும்போது 97தான் ஓடிக்கொண்டிருப்பாய். 17 வேண்டாம், அதை நான் மாட்டித் தரவும் மாட்டேன்.

ரிம் வாங்கும்போது அழகை நீ பார்த்துக்கொள், நான் சொல்வதையும் பார். நாலு ஓட்டை, 100 மி.மீ. வட்டம். நடுத்துளை ஹப்போடு பொருந்தவேண்டும். பெரிதாக இருந்தால் இடைவளையம் கேட்டு வாங்கு, இல்லாவிட்டால் 80-இல் ஸ்டீயரிங் நடுங்கும், நீ பேலன்சிங் சரியில்லை என்று என்னைத் திட்டுவாய். ஆஃப்செட் கம்பெனி அளவுக்கு அருகில் இருக்கட்டும். சக்கரம் வெளியே பிதுங்கி நின்றால் பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும், பேரிங் சீக்கிரம் சத்தம் போடும். டயரில் ஐஎஸ்ஐ முத்திரை உண்டா, தயாரித்த வாரமும் வருஷமும் நாலு எண்ணாக இருக்குமே, அது புதிதா என்று பார். 185/65-இல் அளவுக்குப் பக்கத்தில் 88 என்று ஒரு எண் இருக்கும். அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்று அர்த்தம். பழைய டயரில் 85, அதாவது 515 கிலோ. 85-க்குக் குறைந்த எண்ணோடு எது வந்தாலும் திருப்பிக் கொடு. 17 இன்ச்சில் 205/45-க்கு 84 போட்டதும் விற்கிறார்கள். 500 கிலோதான்.

பழைய நாலு இரும்பு ரிம்மையும் விற்றுவிடாதே, அக்கா வீட்டுப் பரணில் கிடக்கட்டும். கழற்றின பழைய டயரில் நல்லதாக ஒன்றை ஸ்டெப்னியில் போட்டுவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியை எடுத்துக்கொண்டு வா. வெயில் ஏறினதும் வந்தால் டயர் சூட்டில் காற்று அளவு ஏமாற்றும், ஏழு மணிக்கெல்லாம் வந்துவிடு. அலைன்மென்டும் பார்த்துத் தருகிறேன். மாட்டிக்கொண்டு போன பிறகு 50 கிலோமீட்டர் ஓடினதும் ஓரமாக நிறுத்தி, நாலு சக்கரத்து நட்டையும் ஒருமுறை ஸ்பேனர் போட்டுப் பார். புது அலாய் அமர்ந்ததும் நட்டு லேசாக இளகும்.

அன்புடன்,
உன் மாமா