கிழங்கோடு தோண்டும் விசுவாசம்



மலைவாழையின் அருமையைப் பழனி மலையில் குடியிருக்கும் நமக்கு ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாண்டிக்குடியிலும் பண்ணைக்காட்டிலும் காப்பிச் செடிக்கு நிழலாகவும், குடும்பத்துக்குச் சோறாகவும் நின்றது விருப்பாட்சி வாழை. 1970-ம் ஆண்டுகளில் அதை முடிக்கொத்து நோய் பீடித்தது. இலைகள் குறுகி நிமிர்ந்து உச்சியில் கொத்தாகக் கூடும்; மரம் குலை தள்ளாது. சுமார் 18,000 எக்டரில் விளைந்த மலைவாழை, பிற்காலத்தில் 2,000 எக்டர் அளவுக்குச் சுருங்கிற்று.

இந்த வைரஸ் நோய் கண்ட மரத்தைக் குணமாக்க மருந்து கிடையாது. மரத்துக்கு மரம் அதைச் சுமப்பது அசுவணிப் பூச்சி. புதுத் தோட்டத்துக்குச் சுமப்பதோ பெரும்பாலும் மனிதன்தான்: நோயுள்ள தூரிலிருந்து கன்றெடுத்து நடுகிறவன் நோயையும் சேர்த்தே நடுகிறான். ஆகவே அறிந்தவர்கள் கூறிய யோசனை கசப்பானது. பூச்சியைக் கொன்று, நோய் கண்ட வாழையைக் கிழங்கோடு தோண்டி அழித்து, நோயற்ற கன்றையே நட வேண்டும். பின்னர் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் உதவியோடு, திசு வளர்ப்பு முறையில் நோயற்ற கன்றுகள் கிடைத்தன. மலைவாழை மறுபடியும் தழைக்கத் தொடங்கிற்று.

இத்தகைய வேளையில் இரண்டு சோதனைகள் வரும். சர்வேசுரன் கைவிட்டார் என்று மனம் சோர்வது ஒன்று. "அவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லி, நோயுள்ள மரத்தை அப்படியே விட்டுவைப்பது மற்றொன்று. இது நம்பிக்கை போலத் தோன்றும், உண்மையில் பிடிவாதம். அந்த மரத்தால் அயலான் தோட்டமும் கெடும். நாளைய தினம் சர்வேசுரன் கையில் இருக்கிறதென்று மெய்யாகவே விசுவசிக்கிறவனுக்குத்தான், தகப்பனார் நட்ட வாழையையும் தன் கையால் தோண்டத் துணிவு வரும்.

சீரியா தேசத்துப் படைத்தலைவன் நாமானை நினைத்துக்கொள்ளுங்கள். குஷ்டரோகியாகிய அவனை யோர்தான் ஆற்றில் ஏழு முறை முழுகும்படி எலிசேயு தீர்க்கதரிசி சொல்லியனுப்பினார். எங்கள் ஊரில் ஆறில்லையா என்று அவன் கோபித்துத் திரும்பினான். ஆனால் தன் ஊழியர் சொன்ன புத்தியைக் கேட்டு இறங்கி முழுகினான், சுகமடைந்தான். அவனுக்கு வழி காட்டியவர்கள் யார்? முதலில் ஒரு சிறைப்பட்ட சிறுமி; பிறகு வேலைக்காரர். தாழ்ச்சி உள்ளவனுக்குச் சர்வேசுரன் யார் வாயிலாகவும் பாடம் சொல்லுவார்.

துன்பமெல்லாம் பாவத்துக்குத் தண்டனை என்று எண்ண வேண்டாம். நேர்மையானவன் தோட்டத்திலும் அசுவணி ஏறும். அந்தத் துன்பத்தில் நாம் கற்கிறோமா என்பதே கேள்வி. குடியோ, கடனோ, தீராத பகையோ வீட்டில் கொத்துக்கட்டி நின்றால், மேலாக வெட்டினால் போதாது. கிழங்கிலிருந்து மறுபடி முளைக்கும்.

இவ்வாரப் பயிற்சி: ஒருநாள் இரவு செபமாலை முடிந்தபின் குடும்பமாக அமர்ந்து, "நம் வீட்டில் எதைக் கிழங்கோடு தோண்ட வேண்டும்?" என்று கேளுங்கள். சிறு பிள்ளை சொன்னாலும் கோபியாமல் கேளுங்கள். தேவமாதா நமக்காக வேண்டிக்கொள்வாராக.