முதுமைக்கு ஒரு காவல்

நுழையும்முன்

குழந்தைக்குத் தடுப்பூசி போட நாள் குறித்துக் காத்திருக்கிறோம். முதியவருக்குத் தடுப்பூசி என்றால், ‘இந்த வயதில் எதற்கு?’ என்று கேட்கிறோம். அக்கேள்விக்கு, முதியோர் இல்லம் ஒன்றில் நிகழ்ந்ததைக் கொண்டு விடை தேடுகிறது இப்பாடம்.

ஓர் இல்லத்தில் நிகழ்ந்தது

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில், ஊர்ப்புறத்து முதியோர் இல்லம் ஒன்றில் 84 பேர் வாழ்ந்து வந்தனர். 1996ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அவர்களிடையே நிமோனியா என்னும் நுரையீரல் அழற்சி நோய் பரவியது. 11 பேர் நோயுற்றனர். அவர்களுள் மூவர் இறந்தனர். நோயுற்றவர்களுள் எழுவரின் குருதியிலோ சளியிலோ நிமோகாக்கஸ் கிருமியின் ஒரே வகை காணப்பட்டது. இல்லத்தில் சோதிக்கப்பட்ட 74 முதியவர்களுள் 17 பேரின் மூக்குத்தொண்டையிலும் அதே கிருமி குடிகொண்டிருந்தது. அக்கிருமி பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதது என்பதும் ஆய்வில் தெரியவந்தது.

கிருமியும் முதுமையும்

நிமோகாக்கஸ் கிருமியை 1881ஆம் ஆண்டு பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பெர்க்கும் தனித்தனியே கண்டறிந்தனர். இதனைச் சுற்றிச் சர்க்கரைப் பொருளாலான உறை ஒன்று உண்டு. உடலின் காவற்படையான வெள்ளணுக்கள் கிருமியை விழுங்கிவிடாமல் இவ்வுறை காக்கிறது. உறையின் அமைப்பைக் கொண்டு இக்கிருமியை நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்துள்ளனர்.

இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் நுண்துளிகள் வழியே இது பரவும். நலமுடையோர் மூக்கில் தீங்கின்றித் தங்கியிருப்பதும் உண்டு. எதிர்ப்பாற்றல் குன்றும்போது நுரையீரலையும் குருதியையும் மூளையுறையையும் தாக்கும். முதுமையில் எதிர்ப்பாற்றல் இயல்பாகவே குறைகிறது. இதயநோய், நீரிழிவு போன்றவை அதனை மேலும் தளர்த்துகின்றன. ஒரே கூடத்தில் உண்டு, ஒரே பணியாளரின் உதவியால் எழுந்து நடக்கும் இல்லவாசிகளிடையே கிருமி எளிதில் பரவுகிறது. முதியவருக்குக் காய்ச்சல் தோன்றாமலும் போகலாம். உணவை மறுத்தலும் திடீரென மனம் குழம்பிப் பேசுதலுமே முதல் அறிகுறிகளாக அமையக்கூடும்.

மருந்து இருந்தும் எட்டாத காவல்

பெனிசிலின் வந்தபின், நிமோனியாவுக்குத் தடுப்பூசி தேவையில்லை என்ற எண்ணம் பரவியது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் ஆஸ்ட்ரியன் அதனை ஏற்கவில்லை. பெனிசிலின் அளித்தும், நோய் தொடங்கிய முதல் சில நாள்களில் நேரும் இறப்புகள் குறையவில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவர்தம் முயற்சியால் 14 வகைக் கிருமிகளுக்கு எதிரான தடுப்பூசி 1977இல் பயன்பாட்டிற்கு வந்தது. 1983இல் அது 23 வகைகளுக்கு எதிரானதாக விரிந்தது.

ஓக்லஹோமா இல்லத்தில் பரவிய வகையும் அந்த 23இல் ஒன்று. தடுப்பூசி வந்து 13 ஆண்டுகள் கடந்திருந்தன. எனினும் அங்கிருந்த 84 பேருள் மூவர் மட்டுமே அதனைப் பெற்றிருந்தனர். நோய் பரவிய பின்னர் இல்லவாசிகளுக்குத் தடுப்பூசியும் தடுப்பு மருந்தும் வழங்கப்பட்டன. அதன்பின் புதிதாக ஒருவரும் நிமோனியாவுக்கு ஆளாகவில்லை.

ஜப்பான் தந்த சான்று

முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 1,006 பேரைக் கொண்டு ஜப்பானில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2010இல் வெளியானது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்குத் தடுப்பூசியும் ஏனையோருக்கு மருந்தற்ற ஊசியும் போடப்பட்டன. மருந்தற்ற ஊசி பெற்றவர்களுள் 37 பேருக்கு நிமோகாக்கஸ் நிமோனியா வந்தது. அவர்களுள் 13 பேர் இறந்தனர். தடுப்பூசி பெற்றவர்களுள் 14 பேருக்கு அந்நோய் வந்தது. ஆனால், அதனால் ஒருவரும் இறக்கவில்லை. நிமோனியாவுக்கு வேறு கிருமிகளும் காரணமாவதால் இத்தடுப்பூசி அந்நோயை முற்றிலும் ஒழித்துவிடாது. ஆயினும் முதுமை தளர்ந்த உடலிலும் தடுப்பூசி பயன்தரும் என்பதை இவ்வாய்வு உணர்த்தியது.

> தெரியுமா?
> அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் இணைப்புத் தடுப்பூசி போடப்பட்டது. அதன்பின், அத்தடுப்பூசியைப் பெறாத முதியோரிடமும் இக்கிருமியின் கடும் நோய்கள் குறைந்தன. பேரக்குழந்தையின் மூக்கில் கிருமி தங்காதபோது பாட்டிக்கும் அது பரவுவதில்லை.

நாம் செய்யத்தக்கது

இந்தியாவில் இத்தடுப்பூசி 2017 முதல் படிப்படியாக அறிமுகமாகி, 2021இல் நாடு முழுவதும் குழந்தைகளுக்கான திட்டத்தில் இடம்பெற்றது. முதியோரோ மருத்துவரின் அறிவுரைப்படி தாமே முயன்று பெறவேண்டிய நிலையில் உள்ளனர். மருத்துவமனைக்குத் தனியே செல்ல இயலாதவரும், நோய்க்குறியைச் சொல்லத் தெரியாதவரும் இதனைத் தாமாகக் கேட்டுப் பெறுதல் அரிது. அவருக்காகப் பிறர் கேட்க வேண்டும். ‘தாத்தாவுக்கு நிமோனியாத் தடுப்பூசி போட்டாயிற்றா?’ என்று ஓர் இளையவர் வீட்டில் கேட்கும் கேள்வி ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதி ஆரம்பச் சுகாதார நிலையத்திற்குச் சென்று, முதியோர்க்கான தடுப்பூசிகள் குறித்துச் செவிலியரிடம் கேட்டறிந்து தொகுப்புரை எழுதுக.
2. ‘இந்த வயதில் தடுப்பூசி எதற்கு?’ எனக் கேட்கும் முதியவருக்கும் அவருடைய பேரனுக்கும் இடையே நிகழும் உரையாடலை எழுதி, வகுப்பறையில் நடித்துக் காட்டுக.