புதுக்கவிதைக்கு வழி திறந்தவர்

ந. பிச்சமூர்த்தி 1900ஆம் ஆண்டு கும்பகோணத்தில் பிறந்தார். இயற்பெயர் வேங்கட மகாலிங்கம். வழக்கறிஞராகவும் பின்னர் அறநிலையத் துறை அலுவலராகவும் பணியாற்றிய இவர், பிக்ஷு, ரேவதி என்னும் புனைபெயர்களிலும் எழுதினார். 1932இல் சிறுகதைக்காகக் கலைமகள் இதழின் பரிசு பெற்றார். கு.ப. ராஜகோபாலனையும் இவரையும் 'கும்பகோணம் இரட்டையர்' என்பர்.

யாப்பு இல்லையேல் கவிதை இல்லை என்று கருதப்பட்ட காலம் அது. பாரதியாரின் வசன கவிதையும் அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனின் படைப்பும் இவருக்கு மாற்றுவழி காட்டின. சீர்க்கணக்கை விடுத்து, பேச்சின் ஓசையையும் உணர்ச்சியின் ஏற்றஇறக்கத்தையுமே அடிகளுக்கு அளவாகக் கொண்டார். 1934இல் மணிக்கொடியில் வெளிவந்த 'காதல்' இம்முயற்சியின் தொடக்கமாகும். சிறுகதைகளில் எளிய மனிதரைத் தீட்டிப் பழகிய இவர், 'பெட்டிக்கடை நாரணன்' கவிதையில் ஒரு சிறுவணிகரையே பாடுபொருளாக்கினார்.

உரைநடையை முறித்து அடுக்கினால் கவிதையாகுமா என்னும் வினா அன்று வலுவாக எழுந்தது. பிச்சமூர்த்தியும் இடையில் பல்லாண்டுகள் கவிதை எழுதாதிருந்தார். 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' இதழைத் தொடங்கியபின், அறுபதை நெருங்கும் அகவையில் மீண்டும் எழுதலானார்; இளைஞர் பலர் அவ்வழியில் வந்தனர். 1962இல் இவருடைய 'காட்டு வாத்து' தொகுப்பும், 24 கவிஞர்களின் 63 கவிதைகள் அடங்கிய 'புதுக்குரல்கள்' தொகுப்பும் வெளிவந்தன. ஓரிருவரின் முயற்சியாக இருந்த வடிவம் 28 ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் குரலாயிற்று. பிச்சமூர்த்தி 1976இல் மறைந்தார். கவிதை எது என்று அவர் எழுப்பிய வினாவுக்கு, இன்று எழுதத் தொடங்கும் ஒவ்வொருவரும் தம் படைப்பாலேயே விடை கூற வேண்டியுள்ளது.