ஸ்கேன் படத்தில் மனம் தெரியுமா?

நம்பிக்கை: மூளையை ஸ்கேன் எடுத்தால், மனநோய் உண்டா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

பெரிய உறையிலிருந்து கறுப்புப் படத்தை உருவி, என் அறை ஜன்னலின் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தபடி, "ஒண்ணுமே இல்லைன்னு எழுதியிருக்காங்க டாக்டர், அப்ப இவன் வேணும்னுதானே இப்படி இருக்கான்?" என்று கேட்டார் ஒரு தகப்பனார். மகன் தலை நிமிரவில்லை.

உண்மை: மனச்சோர்வுக்காரருக்கு ஸ்கேன் எழுதுவது, கட்டியோ ரத்தக்கசிவோ இல்லையென்று நிச்சயித்துக்கொள்வதற்கே அன்றி, சோர்வைப் படம் பிடிப்பதற்கு அன்று. பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி 2015-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், மனச்சோர்வுற்ற 1,728 பேரையும் நலமுள்ள 7,199 பேரையும் ஒப்பிட்டபோது, ஞாபகத்துக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்னும் கடற்குதிரை வடிவப் பகுதி நோயுற்றோரிடம் சராசரியாகச் சற்றுச் சிறுத்திருந்தது மெய்யே; ஆயினும், இரண்டு ஊராரின் சராசரி உயரத்தில் விரற்கடை பேதம் இருப்பதால், ஒருவனை அளந்து அவன் எந்த ஊரான் என்று சொல்லிவிட முடியுமா?

நம்பிக்கை: மூளையின் இயக்கத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேனில் (fMRI) தெரியும் வண்ணப் புள்ளிகள் எண்ணத்தையே காட்டுகின்றன.

உண்மை: 1990-இல் ஓகாவா என்னும் ஆய்வாளர் கண்டறிந்த முறைப்படி அவை காட்டுவது ரத்தத்தின் பிராணவாயு மாற்றத்தை, அதுவும் நரம்பு இயங்கிச் சில விநாடிகள் கழித்தே உச்சமடைவது. கணக்கில் எச்சரிக்கை தவறினால், செத்த சால்மன் மீனின் மூளையிலும் 'செயல்' தென்படும் என்று 2009-இல் அமெரிக்க ஆய்வாளர் சிலர் பிரத்தியட்சமாகவே காட்டினார்கள்.

நம்பிக்கை: மனச்சோர்வுக்காரர் "ஞாபகம் இல்லை" என்பது சாக்கு.

உண்மை: இதுதான் என்னை மிகவும் வருத்துவது. தற்கொலைக்கு முயன்று பிழைத்தவர்களிடம் ஒரு சொல்லைக் கொடுத்து, அது நினைவூட்டும் ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள் என்று பிரிட்டனில் வில்லியம்ஸ், பிராட்பென்ட் என்னும் ஆய்வாளர்கள் கேட்டபோது (அவர்கள் ஆய்வு வெளிவந்தது 1986-இல்), பலருக்கு ஒரு நாளின் ஒரு நிகழ்ச்சி வாய்க்கு வராமல், பொதுப்படையான பேச்சே வந்தது. சென்ற தீபாவளியைப் பற்றிக் கேட்டால், "தீபாவளின்னாலே வீட்டுல சண்டைதான்" என்ற விடை வருவதைப் போன்றது அது; பட்டாசு, பலகாரம், வந்துபோன அத்தை யாவும் அந்த ஒரே வாக்கியத்துக்குள் அமிழ்ந்துவிடுகின்றன. இது சோம்பலுமன்று, பொய்யுமன்று. சோர்வு ஞாபகத்தின் மேல் செலுத்தும் ஆதிக்கம்.

படத்தை வாங்கி உறைக்குள் வைத்துவிட்டு, நாற்காலியை மகன் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"ராத்திரி தூக்கம் எப்படிப்பா?"

வெகுநேரம் கழித்து, "மூணு மணிக்கே முழிப்பு வந்துடுது சார்," என்றான்.

தகப்பனார் திரும்பி மகனைப் பார்த்தார்.